நாற்பத்திரண்டாம் அறையின் சலவை

மூன்று சட்டைகளை அழுக்காக்க எங்கள் உடைப் பிரிவுக்கு இரண்டு நாள் பிடித்தது. தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தார்கள், செம்மண்ணில் புரட்டினார்கள், கழுத்துப்பட்டையில் எண்ணெய் தடவினார்கள், முழங்கைப் பக்கம் உப்புத்தாளால் தேய்த்து நைந்துபோக வைத்தார்கள். எழுபத்தாறாம் வருஷம் பாங்காக்கில் கையில் காசில்லாமல் அலைந்த வெளிநாட்டு இளைஞனின் சட்டை இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஆளாளுக்குப் பாராட்டிக்கொண்டார்கள். முதல்நாள் ஒத்திகை முடிந்ததும் நடிகரின் வியர்வை வாடை போக நீராவி மட்டும் காட்டச் சொல்லி அவற்றைச் சலவைக்கு அனுப்பினோம். ‘துவைக்கக் கூடாது’ என்று தாய்லாந்து மொழியில் கொட்டை எழுத்தில் நானே அட்டை எழுதிக் கட்டினேன்.

மறுநாள் காலை மூன்று சட்டைகளும் வெள்ளை வெளேரென்று, கஞ்சி போட்டு, விறைப்பாக மடித்துத் திரும்பி வந்தன. நான் எழுதிய அட்டையும் அழகாக மேலே வைக்கப்பட்டிருந்தது.

அந்தத் தொலைக்காட்சித் தொடருக்கு நான் மொழிபெயர்ப்பாளன். பெயர் தனேத். படம் எடுக்க வந்தவர்கள் வெளிநாட்டார். விளக்குத் தூக்குகிறவர், சோறு போடுகிறவர், வண்டி ஓட்டுகிறவர் எல்லாம் எங்கள் ஆட்கள். இரு பக்கத்துக் கோபமும் என் வழியாகத்தான் போகவேண்டும். இரத்தினக்கல் வியாபாரி வேஷத்தில் இருந்துகொண்டு ஊர்சுற்றிகளை வீட்டுக்கு அழைத்து, மருந்து கலந்து கொடுத்து, கொன்று, கடவுச்சீட்டைத் திருடியவனின் கதை அது. ரெமோன் வாலே என்று பெயர். பாங்காக்கில் கொஞ்சம் வயதானவர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கும்.

உடைப் பிரிவுத் தலைவி என்னையும் இழுத்துக்கொண்டு பாங்ராக் பேட்டையில் இருந்த சலவைக்கடைக்குப் போனாள். முப்பது பேர் வேலை செய்யும் பெரிய கடை. ஆறு ஓட்டல்களின் விரிப்புகள் அங்கேதான் வெளுக்கின்றன. கடையை நடத்துகிற ருங் ஓடிவந்து தலைக்குமேல் கைகூப்பி மன்னிப்புக் கேட்டாள்.

“யாரு செஞ்சதுன்னே தெரியல சார். எங்க பொண்ணுங்க அட்டையப் படிக்காம விடமாட்டாங்க.”

“நான்தான் செஞ்சேன்” என்று இஸ்திரி மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

ருங்கின் அம்மா. பிரயோங் என்று பெயர், வயது அறுபத்தாறு. குள்ளமான உருவம், கத்தரித்த தலைமுடி, புயம் மட்டும் படகோட்டியின் புயம் போல இருந்தது.

“அம்மா, நீயா?”

“ஏன், எனக்குக் கை இல்லையா?”

நான் முன்னே போனேன். “பெரியம்மா, அட்டையப் பாத்தீங்களா?”

“பாத்தேன். கோழி கிண்டின மாதிரி கையெழுத்து. யாரு எழுதுனது?”

“நான்தான்.”

“பாத்தா படிச்ச புள்ள மாதிரி இருக்க. சரி போகட்டும். துவைக்காதேன்னு போட்டிருந்துச்சு. துவைச்சேன்.”

உடைப் பிரிவுத் தலைவி பொரிந்து தள்ளினாள். இரண்டு நாள் உழைப்பு வீணாம், ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடுவாளாம், இப்படி ஒரு மடத்தனத்தை எந்த நாட்டிலும் கண்டதில்லையாம். நான் திரும்பி, “அவங்க கொஞ்சம் வருத்தப்படறாங்க” என்றேன்.

பெரியம்மா அவளுடைய சிவந்த முகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “கொஞ்சம் வருத்தம் மாதிரி தெரியலியே. நீ என்ன தம்பி, பால்ல தண்ணி கலந்து விக்கிறவனா?”

பின்னாலிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. ஒரு சட்டையை எடுத்து, கழுத்துப்பட்டையின் உள்ளே தைத்திருந்த பட்டியைக் காட்டினார். எந்தப் பாத்திரத்தின் உடை என்று தெரிவதற்காக எல்லாவற்றிலும் அப்படித் தைத்திருந்தோம். அதில் எங்கள் மொழியிலும் ‘தாவி’ என்று இருந்தது.

“இந்தப் புள்ள அழுக்குச் சட்டை போட்டதே கிடையாது” என்றார். “உங்களுக்கு யாரு சொன்னது அவன் இப்பிடி இருந்தான்னு?”

“பெரியம்மா, உங்களுக்கு எப்படி…”

“அவன் துணிய வெளுத்தவ நான்.”

ருங் கையிலிருந்த விரிப்பை அப்படியே மேஜைமேல் போட்டாள். அம்மா ஏதோ ஒரு கொலை வழக்கில் சாட்சி சொன்னாள் என்பது மட்டும்தான் மகளுக்குத் தெரியும். எந்த வழக்கு, என்ன சாட்சி என்று நாற்பத்துமூன்று வருஷமாகப் பெரியம்மா வாய் திறந்ததில்லை. அந்தத் தொடரின் துணிகளைத்தான் கடை வெளுக்கிறது என்பது பெரியம்மாவுக்கும் நேற்றுவரை தெரியாது.

அன்று மத்தியானம் முழுக்க நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பெரியம்மாவுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. பிமான் என்ற ஐந்து மாடிக் கட்டடத்தின் பின்புறம் தகரக் கொட்டகையும் இரண்டு சிமெண்டுத் தொட்டிகளும் போட்டுக் குடியிருப்போரின் துணிகளை வெளுத்துக்கொண்டிருந்தார். நான்காம் மாடியில் நாற்பத்திரண்டாம் அறை வாலேயுடையது. பட்டுச் சட்டைதான் போடுவான். அவன் அறைக்குப் புதிது புதிதாக விருந்தாளிகள் வருவார்கள். இரண்டு வாரம் இருப்பார்கள், வயிறு கெட்டுப் படுப்பார்கள், பிறகு ஊருக்குப் போய்விட்டதாக அவன் சொல்லுவான்.

துணிகள் கலந்துவிடாமல் இருக்கப் பெரியம்மா ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலால் அறை எண்ணைத் தைப்பார். நாற்பத்திரண்டுக்கு ஆள் மாறிக்கொண்டே இருந்ததால் எண்ணுக்குப் பக்கத்தில் முடிச்சும் போட்டார். முதல் விருந்தாளிக்கு ஒரு முடிச்சு, அடுத்தவனுக்கு இரண்டு. தாவிக்கு நான்கு முடிச்சு.

தாவி பின்லாந்துக்காரன். பள்ளிக்கூட வாத்தியார் வேலைக்குப் படித்துவிட்டு, வேலையில் சேருமுன் உலகத்தைப் பார்க்கக் கிளம்பியவன். “எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு” என்றார் பெரியம்மா. “காய்ச்சல்ல கிடந்தான்ல, விரிப்பெல்லாம் வாந்தி. மத்தவங்க அப்பிடியே சுருட்டி வாசல்ல போட்டுருவாங்க. இவன் எந்திரிச்சு நிக்கவே முடியாதவன், தானே அலசிப் பிழிஞ்சு, நாலு மாடியும் செவத்தப் புடிச்சிக்கிட்டே இறங்கிக் கொண்டாந்து கொடுத்தான். மொழி தெரியாது. நெத்தியில கைய வச்சு வச்சு மன்னிப்புக் கேட்டான். எனக்கு அழுகையே வந்துருச்சு.”

ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அவனுடைய வெள்ளைச் சட்டையில் மூன்றாவது பொத்தான் போயிருந்தது. பொருத்தமாக எதுவும் கிடைக்காமல் தன் ரவிக்கையிலிருந்த சிப்பிப் பொத்தானைப் பிய்த்துத் தைத்தார். புதன்கிழமை காலையில் கொண்டுபோய் வாலேயின் கையில் கொடுத்தார். அடுத்த வாரம் போனபோது அவன் இல்லை. மலேசியா போகும் ரயிலில் ஏறிவிட்டான் என்றான் வாலே. எப்போது என்று கேட்டதற்குப் போன வாரம் திங்கட்கிழமையே என்றான்.

அதற்குப் பிறகு பத்து நாள் கழித்து சுவித் என்று ஒரு இளம் சப்-இன்ஸ்பெக்டர் காகிதப் பையில் ஒரு துணித்துண்டோடு கொட்டகைக்கு வந்தான். கரும்புத் தோட்டத்தில் எரிந்த உடல் ஒன்று கிடைத்திருந்தது. முகம் இல்லை, கடவுச்சீட்டு இல்லை. கழுத்துப்பட்டையில் சிவப்பு நூல் மட்டும் மிச்சம். அதை வைத்துக்கொண்டு பதினெட்டுச் சலவைக்காரர்களிடம் ஏறி இறங்கியிருந்தான்.

“பாத்த உடனே தெரிஞ்சு போச்சு. நாப்பத்திரண்டு, நாலு முடிச்சு. மூணாவது பொத்தான் சிப்பியான்னு கேட்டேன். ஆமான்னான். ‘திங்கக்கிழமை ரயிலேறுனவன் புதன்கிழமை நான் கொடுத்த சட்டைய எப்பிடிய்யா போட்டிருப்பான்?’னு கேட்டேன். அந்த ஆளு தொப்பியக் கழட்டிட்டு என் தொட்டி மேலயே உக்காந்துட்டான்.”

எரிந்த உடல் தாவிதான் என்று உறுதிசெய்யும் பல் குறிப்பு தூதரகத்திலிருந்து வந்து சேர ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். அதுவரை வாலேக்குச் சந்தேகம் வரக்கூடாது. அந்த ஒன்பது நாளும் பெரியம்மா வழக்கம்போலத் துணி எடுத்துக்கொண்டு நான்காம் மாடி ஏறினார். மூட்டையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டால் பயம் வெளியே தெரியாதாம். ஒருநாள் அவன் சிரித்துக்கொண்டே ஐஸ் போட்ட காப்பியை நீட்டினான்.

“விரதம்னு சொல்லிட்டேன். மறுநாளும் நீட்டுனான். இன்னிக்கும் விரதமான்னான். ஆமான்னேன். எத்தனை நாளைக்குன்னான். ‘புருஷன் கிடைக்கிற வரைக்கும்’னேன். விழுந்து விழுந்து சிரிச்சான் கொலைகாரப் பாவி.”

அவன் தெரிந்த தட்டலுக்கு மட்டுமே கதவு திறப்பான். ஒன்பதாம் நாள் கதவைத் தட்டியது பெரியம்மாதான். பின்னால் படிக்கட்டில் ஐந்து போலீஸ்காரர்கள். அவன் கதவைத் திறந்ததும் கையிலிருந்த மூட்டையை நிலைப்படியில் வைத்து அடைத்துவிட்டு விலகினார். அவனால் மறுபடி சாத்த முடியவில்லை.

“பத்திரிகையில என்னை ‘ஒரு சலவைக்காரி’ன்னு ஒத்த வரியில போட்டாங்க. அது கெடக்கட்டும். செத்த பசங்களை என்னன்னு எழுதுனான் தெரியுமா? கஞ்சா அடிச்சிட்டு நாறிக் கிடந்த நாடோடிங்கன்னு. கோர்ட்டுலயும் அதையேதான் சொன்னாங்க. என்கிட்ட நூலப் பத்தி, பொத்தானப் பத்திக் கேட்டாங்க. அவன் எப்பிடிப்பட்டவன்னு ஒருத்தனும் கேக்கல.”

எங்கள் வசனத்தாளில் சலவைக்குறியைக் கண்டுபிடிப்பது ஒரு வெளிநாட்டு நிருபரின் மனைவி. அது எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. தாவி வரும் காட்சிகளில் அவன் போதையில் தள்ளாடுகிறான் என்பதையும் சொல்லவில்லை. சொல்லாமலே பெரியம்மா சட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தார்.

சாயந்திரம் இயக்குநர் டங்கனை அழைத்துவந்தேன். ஆறரை அடி உயரம். கடைக்குள் குனிந்துதான் நுழைந்தார்.

“ஒட்டகச்சிவிங்கிய எதுக்குக் கூட்டியாந்த?” என்றார் பெரியம்மா.

“என்ன சொல்றாங்க?” என்று டங்கன் கேட்டார்.

“உங்களை வரவேற்கிறார்” என்றேன்.

டங்கன் முழுவதையும் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் வியாழக்கிழமை படப்பிடிப்பு, எல்லாம் ஒப்புதல் வாங்கிய காட்சி. தாவி திக்குத் தெரியாதவனாக, உடைந்தவனாகத் தெரிந்தால்தான் பார்ப்பவர்களுக்கு இரக்கம் வரும் என்றார். அதை நான் அப்படியே சொன்னேன்.

“அழுக்கா இருந்தாத்தான் இரக்கம் வருமா? சுத்தமா இருக்கிறவன் செத்தா வராதா?” என்று கேட்டார் பெரியம்மா.

இதில் தண்ணீர் கலக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே சொன்னேன். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு டங்கன் குனிந்து வெளியே போனார். உடைப் பிரிவு சட்டைகளை மறுபடி தேயிலையில் ஊறவைத்தது.

“அம்மா, போதும்மா” என்று ருங் கெஞ்சினாள். “முப்பது பேர் சோறு இதுல இருக்கு.”

“அந்த முப்பது பேருக்கும் வேல சொல்லிக் கொடுத்தவ நான். அவங்க எத்தனை தடவ அழுக்காக்குனாலும் அத்தனை தடவ வெளுப்பேன். என்கிட்ட சோப்புக்குப் பஞ்சமில்ல.”

வியாழக்கிழமை காலை. பிமான் கட்டடம் போலவே பழைய கட்டடம் ஒன்றைப் பிடித்து வர்ணம் பூசி வைத்திருந்தோம். அன்று ஒரு விருந்தாளியும் வந்திருந்தார். தாவியின் தங்கை இர்மெலி, அறுபத்திரண்டு வயது, வெள்ளைத் தலைமுடி, அதிகம் பேசாதவர். அண்ணன் பெயரைப் பயன்படுத்தக் குடும்பம் கையெழுத்துப் போட்டிருந்தது. வசனத்தாளை அவர்களுக்கு யாரும் காட்டவில்லை. நடிகர் அழுக்குச் சட்டையோடு மாடிப்படியில் தள்ளாடி ஒத்திகை பார்ப்பதை அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கைகள் மட்டும் மடியில் ஒன்றை ஒன்று இறுகப் பிடித்திருந்தன.

அப்போது வாயிற்காவலர் என்னைக் கூப்பிட்டார். வெளியே பிரயோங் பெரியம்மா ஊதாநிறப் பட்டுப் பாவாடை கட்டி, காதில் தங்கத்தோடு போட்டு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ருங்.

“நீயுமா?” என்றேன்.

“தடுக்க முடியல. அதான் வண்டியில கூட்டிட்டு வந்துட்டேன்” என்றாள் ருங். “ஒப்பந்தம் போனா போகட்டும். வேற ஓட்டல் புடிச்சுக்கலாம்.”

வேலை போய்விடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. இருந்தாலும் உள்ளே அழைத்துப் போனேன். நேராக இர்மெலியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, “இவர் உங்கள் அண்ணனின் துணிகளை வெளுத்தவர்” என்றேன்.

இர்மெலி எழுந்து நின்றார். பெரியம்மா கைகூப்பிவிட்டு, படிக்கட்டை நோக்கிக் கையை நீட்டினார்.

“அம்மா, அது உங்க அண்ணன் இல்ல. நான் சொல்றதக் கேளுங்க. கஞ்சா குடிக்கிறவன் துணி எனக்குத் தெரியும். சட்டையில பொட்டுப் பொட்டா ஓட்ட விழும். பையில விதை கிடக்கும், தாள் கிடக்கும். அந்த வாசன மூணு தண்ணி அலசுனாலும் போகாது. உங்க அண்ணன் பையில பென்சில் துண்டு கிடக்கும், பஸ் டிக்கெட் கிடக்கும், புளி மிட்டாய்த் தாளை நாலா மடிச்சு வச்சிருப்பான், தெருவுல போட மாட்டான். உள்ளாடைய என்கிட்ட ஒரு நாளும் கொடுத்ததில்ல, தானே துவைச்சுக்குவான். அவன் சாகும்போது போட்டிருந்த சட்டை நான் வெளுத்து, பொத்தான் தைச்சுக் கொடுத்தது. அழுக்கு இல்ல. சத்தியமாச் சொல்றேன்.”

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். விளக்குத் தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

“பொத்தான்” என்றார் இர்மெலி மெதுவாக. “ஒரு பொத்தான் மட்டும் வேறயா இருந்துச்சு. சின்னது. பளபளன்னு.”

“சிப்பிப் பொத்தான். என் ரவிக்கையில இருந்தது.”

வழக்கு முடிந்தபின் சட்டையில் எரிந்தது போக மிஞ்சியதைப் போலீஸ் ஒரு பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தது. “எங்கம்மா அந்தப் பொத்தானைப் பாத்துட்டு, கடைசி நாள்ல இவனுக்கு யாரோ ஒரு பொண்ணு தைச்சுக் கொடுத்திருக்கா, இவன் தனியா கிடக்கலன்னு சொன்னாங்க. எங்கப்பா மட்டும் பத்திரிகைய நம்பிட்டார். சாகற வரைக்கும் தாவி பேரை வீட்ல சொல்ல விடல.” பெரியம்மா அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். மொழி தேவைப்படவில்லை, நான் ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன்.

டங்கன் ஒத்திகையை நிறுத்தச் சொன்னார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு பெரியம்மாவிடம் வந்தார்.

“நல்ல சட்டை ஒன்று வேண்டும். எவ்வளவு நேரத்தில் கிடைக்கும்?”

பெரியம்மா ருங்கைப் பார்த்தார். ருங் தன் வண்டியின் பின்கதவைத் திறந்தாள். அதே அளவில் நான்கு வெள்ளைச் சட்டைகள் தொங்கின.

அன்று மாலைவரை வேலை நின்றது. தொலைபேசியில் டங்கன் யார் யாரோடோ சண்டை போட்டார். நாலு மணிக்கு நடிகர் வெள்ளைச் சட்டையில், காய்ச்சலில் சுவரைப் பிடித்தபடி, அலசிய விரிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். ஒரே தடவையில் முடிந்தது. அடுத்த வாரமே நிருபரின் மனைவியை எடுத்துவிட்டு, சலவைக்காரிக்கு ஏழு காட்சிகள் எழுதினார்கள். எங்கள் ஊர் நடிகை ஒருத்தி வந்தாள். பெரியம்மா அவள் பக்கத்திலேயே நின்று, “மூட்டைய அப்பிடியா தூக்குவ? முட்டைக் கூடையா அது? இடுப்புல வைடி!” என்று பதினைந்து தடவை விரட்டினார். உடைப் பிரிவுத் தலைவி தினமும் பெரியம்மாவுக்கு இளநீர் வெட்டி வாங்கிக் கொடுத்தாள்.

திரும்பிப் போகுமுன் இர்மெலி பாங்ராக் கடைக்கு வந்து இரண்டு நாள் இருந்தார். துளசியிலை போட்டு வதக்கிய கோழியும் சோறும் தொழிலாளிகளோடு தரையில் உட்கார்ந்து தின்றார். காரத்தில் கண் கலங்கியபோது பெண்கள் விசிறினார்கள். காலையில் புத்தத் துறவிகள் பிச்சைக்கு வந்தபோது பெரியம்மாவோடு சேர்ந்து தாவியின் பேரில் அன்னமிட்டார். பெரியம்மா அதைப் பல வருஷமாகச் செய்துவருகிறார் என்று அன்றுதான் ருங்குக்கே தெரிந்தது.

நவம்பரில் பாங்காக்கில் ஒரு பெரிய அரங்கில், பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடரின் முதல் திரையிடல். முன்வரிசையில் பெரியம்மா, ருங், கடையின் முப்பது பேர், சக்கர நாற்காலியில் ஓய்வுபெற்ற சுவித். சலவைக்காரி கதவைத் தட்டும் காட்சி வந்தது. கதவு மூட்டையில் இடித்து நின்றபோது கைதட்டல் எழுந்தது. ருங்கால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று, “இது எங்கம்மா! இதோ இருக்காங்க!” என்று கத்தினாள்.

“உக்காருடி, பின்னால மறைக்குது” என்று பெரியம்மா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தார். ஆனால் தன் முதுகை ஓர் அங்குலம்கூடச் சாய்க்கவில்லை.

படம் முடிந்ததும் எழுந்து நின்ற கூட்டம் வழிவிட்டுக் கைகூப்பியது. பெரியம்மா இடமும் வலமும் தலையசைத்தபடி, அவசரப்படாமல் நடந்தார். நான் பின்னாலேயே போய், “எப்படி இருந்துச்சு பெரியம்மா?” என்றேன்.

“நல்லாத்தான் எடுத்திருக்கான் ஒட்டகச்சிவிங்கி. ஆனா அந்தப் பொண்ணு என்னை விடக் குட்டை. நான் அவ்வளவு குட்டை இல்ல.”

வெளியே மழை. ருங் தொழிலாளிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு முன்னே போய்விட்டாள். நானும் பெரியம்மாவும் ஒரு வாடகைக் காரில் ஏறினோம். சாலை முழுக்க நெரிசல், வண்டி நகரவில்லை. கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா, ஓட்டுநரின் தோளை விரலால் தட்டினார்.

“தம்பி, உனக்கு வாலேன்னு ஒரு கொலைகாரனத் தெரியுமா?”

“எங்கப்பா சொல்லிக் கேட்டிருக்கேன் பெரியம்மா. அந்தக் கல்லு வியாபாரிதானே?”

“ஆமா. அவனப் புடிச்சுக் கொடுத்தது யாருன்னு தெரியுமா?”

“போலீஸா?”

“நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்க போ” என்று சொல்லிவிட்டு, இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டு, பெரியம்மா முதலிலிருந்து ஆரம்பித்தார். பாங்ராக் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு மழையில் இறங்கி ஓடிவந்து, பெரியம்மாவின் பக்கத்துக் கதவைத் தானே திறந்துவிட்டான்.